உடைமையா, அமானிதமா?

‘என் உடல் எனக்குச் சொந்தம், அதை நான் என்ன செய்தால் பிறர்க்கென்ன?’ என்னும் கேள்வி இன்று படித்தவர் நாவிலும் படியாதவர் நாவிலும் ஒருங்கே வழங்கி வருகின்றது. கேட்ட மாத்திரத்தில் மறுக்கவியலாத வாதம் போலவே அது தோன்றும். அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவனும், விருப்பம் கேளாமலே மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண்ணும், அறுவை மேசைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஏழையும் இச்சொல்லைக் கேடயமாக ஏந்துவார்களானால் அதனை யார்தாம் பழிக்க முடியும்? எனினும் கேடயமென்று கையில் எடுத்த அதே சொல் விலைச் சீட்டாக மாறிவிடும் இடங்களும் உள. அவ்விடங்களை ஆராய்ந்து, இவ்வாதத்தைத் தந்த நூல்களின் வலிமையையும் குறையையும் எடை போடுவதே நம் நோக்கம்.

முதலில் சொல்லை நோக்குவோம். தமிழில் ‘உரிமை’ என்னும் சொல் இரு பொருள்களைச் சுமக்கின்றது. வீட்டின் ‘உரிமையாளர்’ என்கிறோம். வாக்களிக்கும் ‘உரிமை’ என்றும் சொல்கிறோம். முன்னது உடைமை, பின்னது உடைமையன்று. வாக்கு நம்முடையதே, ஆயினும் அதனை விற்பதற்கு நமக்கு அனுமதியில்லை. அரபு மொழி இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றது. ‘ஹக்’ என்பது உரிமை. ‘மில்க்’ என்பது உடைமை. மில்க் உள்ள இடத்தில் ஹக் உண்டு. ஹக் உள்ள இடத்திலெல்லாம் மில்க் இருக்க வேண்டுமென்பதில்லை. ‘என் உடல்மீது எனக்கு உரிமை உண்டு’ என்று தொடங்குபவர், ‘ஆகவே அது என் உடைமை’ என்று முடிப்பாராயின், இடையில் ஒரு படியை எவரும் காணாமல் தாண்டிவிடுகிறார். அந்தப் படியில்தான் வழக்கு முழுவதும் இருக்கின்றது.

இவ்வாதத்தின் மூலவர் என்று ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக்கைச் சுட்டுவர். 1689-ல் வெளிவந்த ஆட்சி பற்றிய இரண்டாம் நூலில், ஒவ்வொரு மனிதனும் தன் ஆளின்மீது உடைமை கொண்டவன் என்றார் அவர். தன் உழைப்பு தனக்குரியது, அவ்வுழைப்பால் ஈட்டிய பொருளும் தனக்குரியது என்னும் முடிவுக்கு அதுவே அவருக்கு அடிப்படை. ஆனால் அதே நூலின் முற்பகுதியைப் புரட்டுவோர் வேறொன்றையும் காண்பர். மனிதர் யாவரும் ஒரே படைப்பாளனின் கைவேலை என்றும், அவனுடைய உடைமை என்றும், ஆகவே தன்னை அழித்துக்கொள்ளும் சுதந்திரம் எவனுக்கும் இல்லையென்றும் லாக் எழுதுகிறார். தன் உயிர்மீது தனக்கே முழு அதிகாரம் இல்லாத ஒருவன், அவ்வதிகாரத்தை ஒப்பந்தம் எழுதிப் பிறனுக்கு அளிக்க முடியாது என்று அடிமை ஒப்பந்தத்தையும் அவர் மறுக்கிறார். பிற்காலத்தார் முற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். அடிவாரத்தை அகற்றிவிட்டு மாடியில் குடியிருக்க முயலும் செயல் இது. லாக்கின் வாழ்வும் அவர் எழுத்தோடு ஒத்துப்போகவில்லை. அடிமை வாணிகம் நடத்திய அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் முதலிட்டிருந்தார். உரிமை பேசும் நூல்களைப் படிக்குங்கால், அவ்வுரிமையின் வாசலில் யார் நிறுத்தப்பட்டனர் என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

அடுத்து ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-ல் வெளிவந்த அவருடைய சுதந்திரம் பற்றிய நூல், படிப்போரை இன்றும் நிமிர்ந்து உட்கார வைக்கும் நூல்களுள் ஒன்று. மில் உடைமை என்று பேசவில்லை. ஆட்சி என்று பேசுகிறார். தன் உடலுக்கும் தன் மனத்துக்கும் ஒவ்வொருவனும் தானே அரசன். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கன்றி அவனைக் கட்டாயப்படுத்தச் சமுதாயத்துக்கு அதிகாரமில்லை. அவனுடைய நன்மையே கருதினும் அறிவுரை கூறலாம், மன்றாடலாம், வற்புறுத்தலாகாது என்பது அவர் கொள்கை. கொடுங்கோலர்க்கும், அண்டை வீட்டார் ஒழுக்கத்தை வேவு பார்ப்போர்க்கும் இது தக்க சவுக்கடி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் மில்லின் நூலுக்குள்ளேயே மில்லைத் தடுத்து நிறுத்தும் பக்கங்கள் இருக்கின்றன. ஒருவன் தன்னைத் தானே அடிமையாக விற்றுக்கொண்டால் அவ்வொப்பந்தம் செல்லுமா என்று அவர் கேட்கிறார். செல்லாது என்று தாமே விடையளிக்கிறார். சுதந்திரத்தைக் கைவிடுவதற்குச் சுதந்திரத்தின் பெயரால் அனுமதி கேட்கலாகாது என்பது அவர் கூறும் காரணம். காரணம் சரியே. ஆனால் அதனை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே ‘நானே அரசன்’ என்னும் வாதம் தன் முழுமையை இழந்துவிடுகிறது. தன் நாட்டை விற்க முடியாத அரசன் உண்மையில் அரசனல்லன், அந்நாட்டின் காவலன். மில் தம்மை அறியாமலே காவலன் என்னும் கருத்துக்கு அருகில் வந்து நின்றுவிட்டார். மற்றொன்றும் உண்டு. 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய இவ்வறிஞர், தம் கொள்கை சிறுவர்க்கும் பிற்பட்ட சமுதாயங்களுக்கும் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிவிட்டார். அத்தகைய மக்களுக்கு ஓர் அக்பரோ ஒரு ஷார்லமேனோ வாய்ப்பாரானால் அவருக்குக் கீழ்ப்படிவதே தக்கதென்று எழுதினார். நம் முன்னோர் அந்நூலின் வாசகராகலாம். அதன் பயனாளிகளாக இயலாது!

இத்தயக்கங்களையெல்லாம் உதறியவர் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் நோஸிக். 1974-ல் அவர் வெளியிட்ட நூலில், சுதந்திரமான ஓர் அமைப்பு மனிதன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்வதையும் அனுமதிக்கும் என்றே கருதினார். அவரை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நன்றி கூறவே வேண்டும். உடல் உடைமையே என்றால், உடைமையின் இலக்கணம் விற்பனை என்றால், பாதை எங்கே முடியும் என்பதை மறைக்காமல் காட்டிய நேர்மை அவருடையது.

இனி ஏட்டை மூடிவிட்டு நாட்டைப் பார்ப்போம். சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று ஒரு பட்டப்பெயர் வந்த கதையைத் தமிழ்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். சிறுநீரகம் விற்ற ஏழைகள் அங்கே அத்துணைப் பேர் இருந்தனர். சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை விசாரித்து எழுதப்பட்ட ஓர் ஆய்வு, 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றனர். கைக்கு வந்த தொகை சராசரியாக 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணை நடந்த காலத்திலும் கடனாளிகளாகவே இருந்தனர். நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் சீர்கெட்டதென்றனர். 79 பேர், இதனைப் பிறர்க்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்றனர். ‘என் உடல் என் உடைமை’ என்னும் வாதத்தின் ஐந்தொகைக் கணக்கு இது. விற்றவனிடம் சிறுநீரகமும் இல்லை, பணமும் இல்லை. கடன் மட்டும் இருக்கின்றது.

1994-ல் இந்திய நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினர் கொடுக்கலாம்; உறவினரல்லாதார் அன்பின் காரணமாகக் கொடுக்க முன்வந்தால், அதற்கென அமைந்த குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். சட்டம் வந்தும் தரகர்கள் ஒழிந்தாரில்லை. ‘அன்பு’ என்னும் சொல்லையே அவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டனர். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கப்பட்ட செய்தி மீண்டும் நாட்டை உலுக்கியது. இடம் மாறியிருக்கின்றது, காரணம் மாறவில்லை. ஈரான் நாடோ வேறு வழியில் சென்றது. 1988 முதல் அரசின் மேற்பார்வையில் சிறுநீரகத்துக்கு ஈட்டுத்தொகை அளிக்கும் முறையை நடத்தி வருகின்றது. காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை சுருங்கியதென்று அதன் ஆதரவாளர் காட்டுவர். கொடுப்போர் பெரும்பாலும் ஏழைகளே என்று எதிர்ப்போர் காட்டுவர். இரண்டையும் நேர்மையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கூரிய வினா எழுகிறது. உடல் என் உடைமையானால் விற்கத் தடை ஏன்? என் உடைமையன்றெனில் தானமாகக் கொடுக்க மட்டும் எனக்கு எவ்வாறு அதிகாரம் வந்தது? இவ்வினாவுக்கு விடை தேட நம் மத்ரஸாக்களில் பாடமாக ஓதப்படும் ஹிதாயாவைத் திறப்பது பயன் தரும். கிண்ணத்தில் கறந்து வைத்த தாய்ப்பாலை விற்கலாமா என்று இமாம் மர்கினானி அதில் ஆராய்கிறார். விற்கலாகாது என்பது ஹனஃபிச் சட்ட மேதைகளின் தீர்ப்பு. மனிதன் தன் எல்லா அங்கங்களோடும் கண்ணியப்படுத்தப்பட்டவன், அவனுடைய பகுதியை விலைப்பொருளாக்கி இழிவுபடுத்தலாகாது என்பது காரணம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ அது தூய்மையான பானம், விற்கலாம் என்றார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபியும் அருகருகே வாழ்கிறோம். இவ்வேற்றுமை நமக்குப் புதிதன்று. ஆயினும் இரு சாராரும் உடன்படும் இடம் ஒன்றுண்டு. பாலூட்டும் தாய்க்குக் கூலி கொடுக்கலாம்; திருமறையின் 65-ஆம் அத்தியாயமே அதற்குச் சான்று. ஆக, உடலால் செய்யும் உழைப்புக்குக் கூலி ஆகும். உடலையே அறுத்துச் சந்தையில் வைப்பது ஆகாது. பால் மீண்டும் சுரக்கும்; சிறுநீரகம் மீண்டும் முளைக்காது.

நம் சட்ட நூல்களிலும் உடைமையின் சாயல் அறவே இல்லையென்று கூறிவிட முடியாது. உறுப்புகளைச் சில சட்டங்களில் பொருளைப் போலவே நடத்துவர் என்பது ஹனஃபி நூல்களில் அடிக்கடி காணப்படும் விதி. ‘என் கையை வெட்டு’ என்று ஒருவன் சொல்ல, மற்றவன் வெட்டிவிட்டால் வெட்டியவன்மீது ஈட்டுத்தொகை விழாது என்று, ஹிஜ்ரி 587-ல் மறைந்த இமாம் காஸானி தம் பதாயிஉவில் எழுதுகிறார். இதனை மறைத்துவிட்டு வாதிடுவது அறிவுடைமையாகாது. ஆனால் அவ்விதி கூறுவதென்ன? சம்மதம் தந்தவன் பின்னர் நட்டஈடு கேட்க முடியாது என்பதே. வெட்டியது நற்செயலாகிவிட்டது என்று அது கூறவில்லை. ஈட்டுத்தொகை கேட்கும் உரிமை மனிதனுடையது. அதனை அவன் விட்டுக்கொடுக்கலாம். உயிரையும் உடலையும் பேணும் கடமையோ இறைவனின் ஹக். அதனை விட்டுக்கொடுக்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்று, கிரனடாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 790-ல் மறைந்த இமாம் ஷாதிபி தம் முவாஃபகாத்தில் தெளிவுபடுத்துகிறார்.

இதற்கு நாம் வழங்கும் பெயரே அமானிதம். அமானிதப் பொருளை வைத்திருப்பவன் அதனை விற்க முடியாது. ஆனால் பொருளுக்குரியவன் இசைந்த வழியில் செலவிடலாம். ஓர் உயிரைக் காப்பது அவன் இசைந்த வழி. 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிபந்தனைகளுடன் உறுப்பு தானத்தை அனுமதித்தும் விற்பனையைத் தடுத்தும் முடிவு செய்தது இவ்வடிப்படையிலேயே. அதனை ஏற்காத மார்க்க அறிஞர்களும் உளர். அவர்கள் கருத்தையும் மதிக்கிறோம். ஆனால் செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று ஒரு கீழக்கரை வள்ளலைப் பழமொழியாக்கி வைத்திருக்கும் நாட்டில், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைக் கொடுத்து மற்றோர் உயிரைக் காக்கும் கருத்து அந்நியமானதன்று. உறுப்பு தானம் செய்து மறைந்தோரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் அறிவித்தது. கொடையைப் போற்றி விற்பனையை விலக்கும் வழி அது.

‘உடல் என் உடைமையன்று என்றால், அரசு அதனைத் தன் உடைமையாக்கிக் கொள்ளாதா?’ என்று சுதந்திரவாதிகள் அஞ்சுவர். இவ்வச்சம் கற்பனையன்று. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவு குறைந்தவள் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு வர்ஜீனியா மாநிலம் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லுமென்று தீர்ப்பளித்தது. போரில் உயிரையே கேட்க அரசுக்கு அதிகாரம் இருக்கும்போது இச்சிறு தியாகத்தைக் கேட்கலாகாதா என்பது நீதிபதி ஹோம்ஸ் கண்ட நியாயம். நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீசார் சூழ்ந்து, ஆண்களைப் பிடித்துச் சென்ற நிகழ்ச்சி வரலாற்றில் பதிந்துவிட்டது. உடலைச் சந்தையிடமிருந்து மீட்டு அரசின் கையில் ஒப்படைப்பதே அமானிதம் என்றால், அந்த அமானிதம் நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் அமானிதத்தின் இலக்கணம் அதுவன்று. மீண்டும் ஹிதாயாவுக்கே வருவோம். திருட்டைப் பற்றிய பகுதியில் ஒரு வினா. அடைக்கலமாக வைக்கப்பட்ட பொருளை அடைக்கலம் பெற்றவனிடமிருந்து ஒருவன் திருடிவிட்டால், பொருளுக்குச் சொந்தக்காரனல்லாத அவன் வழக்குத் தொடரலாமா? தொடரலாம் என்பதே ஹனஃபித் தீர்ப்பு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதில் வேறுபடுகிறார்கள். உடைமை இல்லாதவனுக்கும் பாதுகாக்கும் உரிமை உண்டு. பாதுகாக்கும் உரிமை உண்டென்பதனாலேயே பறிப்பவனை எதிர்த்து நிற்கும் உரிமையும் உண்டு. நம் வாதம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. உடலின் அமீனாக நிறுத்தப்பட்டவன் அவ்வுடலுக்குரிய மனிதனே. அரசனல்லன், கணவனல்லன், மருத்துவனுமல்லன். அவன் விற்கக் கூடாதவன். அவனிடமிருந்து பறிக்கவும் கூடாது. உடைமைவாதம் தருவதாகச் சொல்லும் கேடயத்தை அமானிதமும் தருகின்றது. விலைச் சீட்டை மட்டும் அது தருவதில்லை.

ஆளுக்கொரு நீதி என்றாகிவிட்டால் இக்கொள்கையும் கெடும். அமெரிக்காவில் ஜான் மூர் என்னும் நோயாளியின் மண்ணீரல் 1976-ல் சிகிச்சைக்காக அகற்றப்பட்டது. அதன் உயிரணுக்களை அவர் அறியாமலே வளர்த்து, 1984-ல் காப்புரிமையும் பெற்றுக்கொண்டனர். 1990-ல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், தம் நோக்கத்தை நோயாளியிடம் மறைத்தது தவறு, அதற்காக வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் அகற்றிய உயிரணுக்கள்மீது அவருக்கு உடைமை இல்லையென்றது. நோயாளிக்கு உடைமையில்லை என்பதை நாம் ஒப்புகிறோம். அவ்வாறாயின் மற்றவர்க்கு மட்டும் அது எப்படி உடைமையாயிற்று? ‘உடல் விலைப்பொருளன்று’ என்னும் விதி ஏழையைக் கட்டும், செல்வரைக் கட்டாது என்றால், அவ்விதி அறமன்று, சூழ்ச்சி.

சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் கூறிவிடுவோம். பாவம் யாவும் குற்றமாகிவிடா. நம் சட்ட நூல்கள் ‘தியானத்’ என்றும் ‘களா’ என்றும் இரண்டைப் பிரித்து வைத்தன. முன்னது இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளது, பின்னது நீதிபதியின் முன் வருவது. தற்கொலை பெரும் பாவம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் உயிர் தப்பியவரை நோயாளியாகக் கருதி மருத்துவமனைக்கு அனுப்புவதா, குற்றவாளியாகக் கருதிச் சிறைக்கு அனுப்புவதா? வெள்ளையர் 1860-ல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு சிறையைக் காட்டியது. 1994-ல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. 1996-ல் அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காதென்று கூறி மீண்டும் நிலைநாட்டியது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அத்தகையவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டுமென்றும், அவருக்குப் பராமரிப்பளிப்பது அரசின் கடமையென்றும் விதித்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309-க்கு இணையான பொதுப்பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யும் முயற்சிக்கு மட்டுமே தண்டனை வைக்கப்பட்டுள்ளது. ‘சாக உரிமை உண்டு’ என்று கூறாமலே, சாக முயன்றவரைத் தண்டிக்காமல் விடலாம் என்பதற்கு இது சான்று. உடைந்த அமானிதத்தை உதைப்பதால் அது சேராது.

கடைசியாக, நம்மை நோக்கியே ஒரு வினா. உடலை விற்காதே என்று கடனாளியிடம் கூறுவது எளிது. ‘மகளின் திருமணம் நிற்கிறது, வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், வேறு வழி காட்டுங்கள்’ என்று அவன் கேட்டால் நம் விடை என்ன? வழியை அடைத்துவிட்டு வேறு வழி திறவாத தடை பாதிச் சட்டமே. சுதந்திரவாதிகள் நம்மைப் பார்த்து, ‘பசித்தவனின் கடைசிப் பொருளையும் விற்க விடாமல் தடுக்கிறீர்களே’ என்று கேட்பது இந்த இடத்தில்தான் தைக்கிறது. விற்றவருள் நூற்றுக்கு 96 பேர் கடனுக்காகவே விற்றனர் என்று மேலே கண்டோம். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எண்வகையினர் என்று திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வகுக்கிறது. அவர்களுள் ஒரு வகையினர் கடனாளிகள். நம் ஊர்களில் ஜகாத் பெரும்பாலும் ரமலானில் சில்லறையாகவும் சேலையாகவும் கரைந்துவிடுகிறது. கடனாளிகளின் பங்கு எங்கே என்று கேட்போர் குறைவு. மணமகன் வீட்டார் கைக்கூலி கேட்கும் வழக்கமும் கடனாளிகளைப் புதிதாகப் படைத்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே ஜமாஅத்துகள் ஒன்று செய்யலாம். மஹல்லாவில் வட்டிக்கடனில் சிக்கியோர் யாவர் என்று பெயர் வெளிவராமல் ஒரு பட்டியல் எடுத்து, ஜகாத்தில் அவர்களுக்குரிய பங்கைத் தனியே ஒதுக்கிக் கடனை நேரே தீர்த்து வைக்கலாம். அமானிதம் என்னும் சொல்லை மேடையில் முழங்கும் நாம் அதற்குச் செலுத்த வேண்டிய விலை இதுவே. கடனாளியின் கடனை ஏற்க ஆளில்லாத ஊரில், சிறுநீரகத்துக்கு விலை பேசும் தரகன் ஒருவனே அவன் வாசலைத் தட்டுகிறான்.